அந்தக் குறட்டைச் சத்தம் மூச்சு அல்ல

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் சமையலறையில் விழுந்துவிட்டார், முகத்தில் தண்ணீர் தெளித்தீர்கள், நெஞ்சில் தைலம் தேய்த்தீர்கள், குறட்டை மாதிரி சத்தம் வந்துகொண்டிருந்ததால் மூச்சு இருக்கிறது என்று நம்பி ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அவர் பிழைக்கவில்லை. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும், வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா, நெஞ்சை அழுத்தினால் எலும்பு உடையாதா, இனி எங்கள் வீட்டில் மாமனாருக்கு இப்படி ஆனால், பகலில் கூட இருப்பது தமிழ் மட்டும் தெரிந்த 68 வயது மாமியார்தானே, அவரால் என்ன முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் வார்டில் தாதியாக இருந்தவள், இப்போது இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றங்களில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி, சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தக் குறட்டை. இதயம் திடீரென்று நின்ற ஆளுக்கு அடுத்த சில நொடியிலேயே நினைவு போய்விடும், ஆனால் மூளையின் அடித்தண்டில் மிச்சமிருக்கும் கொஞ்சம் உயிர் அவ்வப்போது தாடையை இழுக்கும், தொண்டை கரகரக்கும், பெருமூச்சு மாதிரி ஒன்று வரும். பிறகு ஒன்றும் இருக்காது. ஏழெட்டு நொடி, பத்து நொடி கழித்து இன்னொன்று வரும். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படி. இதயம் நின்ற பல பேருக்கு முதல் சில நிமிடம் இது வரும். இதை மூச்சு என்று நினைத்துக் காத்திருந்தது நீங்கள் மட்டும் இல்லை, என் வகுப்புக்கு வருகிறவர்களில் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: "மூச்சு வந்துச்சு மிஸ்ஸி, நாங்க கேட்டோம்." அதனால் நீங்கள் குற்ற உணர்வோடு இருக்க வேண்டாம். உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது, எல்லாம் சரியாகச் செய்தும் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பார்க்க வேண்டியது இவ்வளவுதான். தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, நெஞ்சும் வயிறும் ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், பத்து நொடிக்கு மேல் வேண்டாம். ஒழுங்காக இல்லை என்றாலும், சந்தேகமாக இருந்தாலும், அது மூச்சு இல்லை என்றே வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். நாடி தேட வேண்டாம். பதற்றத்தில் உங்கள் விரலில் துடிப்பது உங்கள் நாடியாகவே இருக்கும்.

இன்னொரு ஏமாற்று உண்டு. இதயம் நின்ற அந்தக் கணத்தில் மூளைக்கு ரத்தம் போகாததால் சிலருக்குக் கைகால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கும். நம் ஆட்கள் உடனே வலிப்பு என்று முடிவுகட்டி, சாவிக்கொத்தைத் தேடிக் கையில் திணிப்பார்கள். இரும்பைப் பிடிப்பதால் எதுவும் நிற்காது, வலிப்புக்கும் நிற்காது. இழுப்பு அடங்கியதும் மூச்சைப் பாருங்கள், வலிப்பு என்றால் மூச்சு ஒழுங்காகத் திரும்பும். திரும்பவில்லை என்றால் நெஞ்சில் கை வைக்க வேண்டும்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு வளைகாப்பு விருந்தில் இது இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்ததைப் பார்த்தேன். ரசம் வந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் அறுபது வயதுக்காரர் ஒருவர், கீழே விழுந்த அப்பளத்தை எடுக்கக் குனிகிறவர் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார், நிமிரவே இல்லை. நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கையில் சாவிக்கொத்து, நெஞ்சில் கோடாலித் தைலம், ஒருவர் சோடா பாட்டிலோடு நிற்கிறார். "மூச்சு வருது, மூச்சு வருது" என்று அவர் மகள் அழுதுகொண்டே சொல்கிறாள். கண் திறந்தபடி இருந்தது, பார்வை எங்கும் இல்லை. நாற்காலியிலிருந்து தரைக்கு இறக்கி அழுத்த ஆரம்பித்தேன். நாலாவது ஐந்தாவது அழுத்தத்தில் கைக்குக் கீழே முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். விலா எலும்பு. கூட்டத்தில் ஒரு மாமா "உடைஞ்சிடுச்சு, நிறுத்துங்க!" என்று கத்தினார். நிறுத்தவில்லை.

உங்கள் எலும்புக் கேள்விக்கு இதுதான் பதில். உடையலாம், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் உடையும், பயிற்சி பெற்றவர்கள் கைகளிலும் உடையும். விலா எலும்பு சில வாரத்தில் கூடிவிடும், அதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். இதயம் நிற்காத ஒருவருக்குத் தவறாக ஆரம்பித்துவிட்டால்? அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார், நீங்கள் நிறுத்திக்கொள்வீர்கள். பெரிய சேதம் வருவது அரிது. ஆரம்பிக்காமல் இருப்பதில்தான் சேதம் முழுவதும் இருக்கிறது: இதயம் நின்று நாலு நிமிடத்திலிருந்து மூளை கெட ஆரம்பிக்கும், யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் சாலை, புளோக், லிஃப்ட், பதினான்காவது மாடி என்று கடந்து வர வேண்டும், பத்துப் பதினோரு நிமிடம் ஆகலாம். அந்த இடைவெளிக்கு உங்கள் இரண்டு கைதான் அவருடைய இதயம்.

அழுத்துவது எப்படி என்று சொல்கிறேன், எழுந்து ஒரு தலையணையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. ஆள் கெட்டியான தரையில் மல்லாந்து இருக்க வேண்டும். கட்டிலில் விழுந்திருந்தால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது, அதனால் படுக்கை விரிப்போடு சேர்த்து இழுத்துத் தரைக்குக் கொண்டுவாருங்கள். குளியலறையில் என்றால் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் மண்டி போடவே இடம் இருக்காது, அக்குளில் கைகொடுத்துக் கூடத்துக்கு இழுத்துவிடுங்கள். ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கும் இதேதான், இரட்டை அடுக்குக் கட்டிலில் வைத்து அழுத்திப் பயனில்லை, இரண்டு பேராக இறக்குங்கள். மின்சாரம் தாக்கியவர் என்றால் தொடுவதற்கு முன் மின்சாரத்தை அணைத்தாக வேண்டும்.

நெஞ்சோடு ஒட்டி மண்டி போடுங்கள். நெஞ்சுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை ஒட்டிய மேட்டை, வையுங்கள். அதன்மேல் மற்றக் கை, விரல்களைக் கோத்துக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி முன்னால் சாய்ந்து உடம்பின் கனத்தை இறக்குங்கள். கை பலத்தால் அழுத்துகிறவர் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துபோவார், கனத்தால் அழுத்துகிறவர் தாங்குவார். ஆழம் 4 முதல் 6 சென்டிமீட்டர், சுமாராக உங்கள் சுண்டுவிரல் நீளம். முதல் தடவை செய்கிற எல்லோரும் பயந்து பயந்து மேலாக அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும், இதை மறக்கிறவர்கள் நிறையப் பேர். இதயத்துக்குள் ரத்தம் மறுபடி நிரம்புவது அந்த விடுகிற நேரத்தில்தான்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது நொடிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஆங்கிலப் பாட்டுத் தாளத்தில் எண்ணச் சொல்வார்கள், நம் அம்மாக்களுக்கு அது ஒத்துவருவதில்லை. நான் தமிழிலேயே எண்ணச் சொல்வேன், ஆனால் முப்பதுவரை எண்ணினால் "பதினொன்னு", "இருபத்தொன்னு" என்று சொல் நீளும்போது கையும் கூடவே மெதுவாகிவிடும். அதனால் ஒன்னு, ரெண்டு, மூனு என்று பத்துவரை, மறுபடி ஒன்னிலிருந்து பத்துவரை. குட்டிக் குட்டிச் சொற்கள், கை தளராது. சத்தமாக எண்ணுங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஒரு பிடிமானம்.

கை மாற்ற ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், இடைவெளி இல்லாமல். களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும், அழுத்துகிறவருக்கு அது தெரியாது.

வெறும் கையால் நெஞ்சை அழுத்திச் செத்த இதயத்தை ஓட்ட முடியுமா என்று இப்போதும் கேட்கிறார்கள். முடியும் என்று 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூன்று பேர் எழுதிக் காட்டினார்கள். நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஆய்வில் கனமான தகடுகளை நெஞ்சில் அழுத்தி வைத்தபோதே ரத்த அழுத்தம் ஏறியதை நிக்கர்பாக்கர் கவனித்ததுதான் ஆரம்பம்.

சரி, வாயோடு வாய். வீட்டில் கண்முன்னே திடீரென்று சரிந்த பெரியவருக்கு, நீங்கள் பயிற்சி பெறாதவர் என்றால், ஊதவே வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அவர் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர், ரத்தத்தில் பிராணவாயு இன்னும் இருக்கிறது, அதைத் தள்ளிவிட ஆள்தான் இல்லை. நிறுத்தாமல் அழுத்துவதே போதும். ஆனால் நீச்சல் குளத்திலிருந்து தூக்கியவர், தொண்டை அடைத்து விழுந்தவர், தூக்கில் தொங்கியவர், சின்னப் பிள்ளைகள், இவர்கள் கதை வேறு. இவர்களுக்கு முதலில் நின்றது மூச்சு, பிராணவாயு தீர்ந்தபிறகுதான் இதயம் நிற்கிறது. தீர்ந்துபோன ரத்தத்தைச் சுற்றிவிட்டு என்ன பயன்? அங்கே ஊத வேண்டும். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, மூக்கைப் பொத்தி, ஒரு நொடி அளவு ஊதுங்கள், நெஞ்சு மேலே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. நீரில் மூழ்கியவருக்கு மூச்சில் தொடங்குங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்று அளவு மட்டும் ஊதுங்கள். அழுத்துவதற்கு, இரண்டு கையாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல், நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 4 சென்டிமீட்டர்.

தொண்டை அடைப்பு பற்றி ஒரு வார்த்தை. மீன் உருண்டையோ கடலையோ சிக்கி, பேச்சு வராமல், இரும முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள். பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று அழுத்துங்கள், வெளியே வரும்வரை. கர்ப்பிணி என்றால் வயிற்றில் வேண்டாம், நெஞ்செலும்பில். கைக்குழந்தைக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது, தலை தாழ்ந்திருக்கக் கையில் குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. நினைவு போய்விட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள், வாயில் பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

இப்போது 995, ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அவசர எண். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டும், ஆனால் அழுத்துவதை விட்டுவிட்டுப் பேச வேண்டியதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். நம் வீடுகளில் முதல் போன் எங்கே போகிறது? அண்ணனுக்கு, மச்சானுக்கு, டாக்டருக்குப் படிக்கும் அக்கா மகனுக்கு. பிறகு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. டாக்ஸியின் பின்சீட்டில் யாரும் நெஞ்சை அழுத்த முடியாது. 995இல் எடுப்பவர் குடிமைத் தற்காப்புப் படையின் ஆள், ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, எங்கே கை வைப்பது, எப்படி அழுத்துவது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்துக் கூடவே எண்ணுவார். கற்றுக்கொள்ளாதவருக்கும் ஒரு ஆசிரியர் அந்த நேரத்தில் கிடைக்கிறார், போனை வைத்துவிடாதீர்கள்.

கூட ஒரு ஆள் இருந்தால் அவருக்கு மூன்று வேலை. இரும்புக் கதவின் பூட்டைத் திறந்து வைப்பது (சாவி தேடியே இரண்டு நிமிடம் போன வீடுகளைத் தெரியும்), கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைப்பது, ஏஇடி பெட்டியை எடுத்து வருவது.

ஏஇடி என்பது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் அந்தச் சின்னக் கருவி. 2015இலிருந்து வீவக புளோக்குகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் லிஃப்ட் வாசலில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உங்களுக்கு மிக அருகில் உள்ளது உங்கள் புளோக்கில் இல்லாமல் அடுத்த புளோக்கில் இருக்கலாம். இன்று இரவு குப்பை போடப் போகும்போது பார்த்து வையுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் என்ற கைபேசிச் செயலியிலும் தெரியும். அந்தச் செயலியை வைத்திருப்பவர்களுக்கு 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றிருக்கலாம் என்று அழைப்பு வந்தால் செய்தி வரும், பக்கத்து மாடியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கருவியோடு உங்கள் வாசலுக்கு ஓடி வருவதும் இதனால்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் வருடத்துக்கு மூவாயிரம் பேருக்கு மேல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்கிறது, பெரும்பாலும் வீட்டில்தான்.

கருவி தானாகவே பேசும். அதிர்ச்சி தேவையா இல்லையா என்று அதுவே பார்த்து முடிவெடுக்கும், தேவை இல்லாதவருக்குக் கொடுக்காது, அதனால் பயப்பட வேண்டாம். தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தை ஒரு கணம் அடக்கி, ஒழுங்கான துடிப்புக்கு வழிவிடுவதுதான் அதன் வேலை. ஒட்டுப்பட்டை இரண்டு, ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடப்பக்கம் அக்குளுக்குக் கீழே, படமே போட்டிருக்கும். அந்த வளைகாப்பில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஒட்டினால் ஒட்டவில்லை, வழுக்கியது. கோடாலித் தைலம்! அவர் தோளில் கிடந்த துண்டாலேயே அழுந்தத் துடைத்து, பிறகு ஒட்டினோம். தைலம் தேய்ப்பதால் இதயம் ஓடாது, வைத்தியத்துக்கு இடைஞ்சலும் ஆகும், இனி தைலப் புட்டியைத் தேட யாரையும் அனுப்பாதீர்கள். "யாரும் தொடாதீர்கள்" என்று கத்தி, எல்லோரும் விலகியபின் பொத்தானை அழுத்தினேன். உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. உடனே மறுபடி நெஞ்சில் கை. அதிர்ச்சி கொடுத்ததும் வேடிக்கை பார்க்கக் கூடாது, கருவி அடுத்து நிறுத்தச் சொல்லும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் அவர் கை என் மணிக்கட்டைத் தேடி வந்து பிடித்தது. இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுந்தது ஒரு பெண் என்றால் சுற்றி நிற்கும் ஆண்கள் தொடத் தயங்குகிறார்கள், பெண்கள் ரவிக்கையைத் திறக்கத் தயங்குகிறார்கள், இது பல நாடுகளிலும் இருக்கிறது, அந்தத் தயக்கத்தில் உயிர் போகிறது. அழுத்துவதற்குத் துணியை விலக்க வேண்டாம், மேலேயே அழுத்தலாம். பட்டை ஒட்ட மட்டும் வெறும் தோல் தேவை, ரவிக்கையை, உள்ளாடையை வெட்டுங்கள், கருவியோடு பெரும்பாலும் கத்தரிக்கோல் இருக்கும். நாலு பேர் வெளிப்பக்கம் திரும்பி நின்று ஒரு புடவையைப் பிடித்தால் மறைவு ஆயிற்று. தாலியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்காத வகுப்பே இல்லை. வேண்டாம், பட்டையில் படாமல் தோள்பக்கம் ஒதுக்கினால் போதும்.

எப்போது நிறுத்துவது? துணை மருத்துவர்கள் வந்து "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கை வைக்கும்போது, அல்லது அவர் அசைந்து ஒழுங்காக மூச்சு விடும்போது. மூச்சு ஒழுங்காக வந்து நினைவு மட்டும் திரும்பவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் அடைக்காது.

வகுப்புக்குப் போக முடிந்தால் போங்கள், சமூக மன்றங்களிலும் சிங்கப்பூர் ஹார்ட் ஃபவுண்டேஷனிலும் நடக்கிறது, அரை நாள் வேலைதான், சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும்.

இனி உங்கள் மாமியார். 68 வயது, மெலிந்த உடம்பு, ஆங்கிலம் வராது. முடியும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் 74 வயதுப் பாட்டி ஒருவர் பொம்மையின் நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினார், மண்டி போட முடிகிறதா என்பதுதான் கேள்வி, கை பலம் அல்ல. மொழிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதுங்கள்: "ஹஸ்பண்ட். நாட் பிரீதிங். ஆம்புலன்ஸ்." அதற்குக் கீழே புளோக் எண், தெரு, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, எல்லாம் எப்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டுமோ அப்படியே தமிழில். மேலே 995. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள், அத்தை கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். போனில் ஸ்பீக்கர் பொத்தான் எங்கே என்று காட்டுங்கள், அவர் விரலாலேயே நாலு முறை அழுத்தச் சொல்லுங்கள். வாசலைத் திறந்து வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிடச் சொல்லுங்கள், நம் தாழ்வாரங்களில் குரல் நன்றாகக் கேட்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் ஒரு கெட்டித் தலையணையைப் போட்டு, மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அத்தையை மண்டி போட வைத்து எண்ணச் சொல்லுங்கள், ஒன்னிலிருந்து பத்துவரை, மூன்று தடவை.